வணிகர்களும் இரத்தக் கொதிப்பும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது முதுமொழி. செல்வம் தேடும் தொழிலில் இருக்கும் நாம், இந்த முதுமொழியின் பின்பாதியை நினைவில் வைத்துக்கொண்டு முன்பாதியை மறந்துவிடுகிறோம். காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் கதவு சாத்துகிறோம். சரக்கு இருப்பு குறைந்தால் உடனே கொள்முதல் செய்கிறோம். கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தாலும் தூக்கம் வருவதில்லை. ஆனால் நம் உடம்பின் கணக்கை வருடத்திற்கு ஒரு முறையாவது எடுத்துப் பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நன்றாக இருந்தவர், கல்லாவில் உட்கார்ந்திருந்தவர், திடீரென்று சாய்ந்தார், ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன என்ற செய்தியை நாம் அடிக்கடி கேட்கிறோம். அந்தக் குடும்பத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். யாரிடம் எவ்வளவு பாக்கி வர வேண்டும், எந்த மண்டிக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது பெரும்பாலும் கடைக்காரரின் தலைக்குள்தான் இருக்கும். பேச்சு குழறிப் போனவரிடம் பிள்ளைகள் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது? முப்பது வருடம் கட்டிக்காத்த வியாபாரம் மூன்று மாதத்தில் கலைந்துவிடுகிறது. இப்படிப்பட்ட பக்கவாதத்திற்கு முதன்மையான காரணம் இரத்தக் கொதிப்பு. நாம் ‘பிரஷர்’ என்று சொல்வதும் இதைத்தான்.

மகிழ்ச்சிக்குரிய செய்தி என்னவென்றால், இது பெருமளவு கட்டுப்படுத்தக் கூடிய நோய். அதற்கான வழிகளில் பாதிக்கு மேல் நம் கையிலும் நம் கடையிலும் இருக்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத நோய்

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்தைப் பற்றி நம் பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. இங்கே தங்கித் தொண்டாற்றிய வீரமாமுனிவர், அரியலூர் அரசர் அரங்கப்ப மழவராயருக்கு வந்த ராஜபிளவைக் கட்டியைக் குணப்படுத்தினார் என்றும், அதற்கு நன்றியாக அரசர் கோயிலுக்கு நிலம் வழங்கினார் என்றும் கூறுவார்கள். ராஜபிளவை கண்ணுக்குத் தெரியும் நோய். வலிக்கும், சீழ் பிடிக்கும், படுக்க விடாது. ஆகவே அரசரே ஆனாலும் வைத்தியரைத் தேடி வந்தாக வேண்டும்.

இரத்தக் கொதிப்பு அப்படிப்பட்டதல்ல. வலிக்காது, காய்ச்சல் வராது, பசி குறையாது. ‘தலை சுற்றினால்தான் பிரஷர்’, ‘பின்கழுத்து வலித்தால்தான் பிரஷர்’, ‘கோபக்காரருக்குத்தான் பிரஷர்’ என்று நம்புகிறவர்கள் பலர். இவை சரியல்ல. இரத்த அழுத்தம் உயர்ந்திருக்கும் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. பல வருடங்கள் உள்ளேயே இருந்து இதயம், மூளை, சிறுநீரகம், கண் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கெடுத்துவிட்டு, ஒரு நாள் மொத்தமாக வெளிப்படும். வட்டி ஏறுவது தெரியாமல் வாங்கிய கடனைப் போன்றது இது.

தமிழக அரசின் சார்பில் 2020ஆம் ஆண்டில், 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களிடம் மாநில அளவில் ஒரு கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பது அதில் தெரிய வந்தது. அதாவது மூன்று பேரில் ஒருவர். இதைவிடக் கவலை தரும் செய்தி, அவர்களில் நோயைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் மட்டுமே என்பதாகும். நம் கடைத்தெருவில் முப்பது கடைகள் இருந்தால் பத்து கல்லாக்களில் இந்த நோய் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர் இருந்தாலே பெரிது.

இரத்த அழுத்தம் என்றால் என்ன?

வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரையும் அதில் மாட்டிய குழாயையும் எண்ணிக்கொள்ளுங்கள். இதயம் மோட்டார், இரத்தக் குழாய்கள் தண்ணீர்க் குழாய்கள். மோட்டார் தள்ளும்போது குழாயின் சுவரில் ஓர் அழுத்தம் ஏற்படுகிறது. இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது உண்டாகும் அழுத்தம் மேல் எண். இதயம் தளர்ந்து அடுத்த துடிப்பிற்கு நிரம்பும்போது இருக்கும் அழுத்தம் கீழ் எண். 120/80 என்று டாக்டர் எழுதுவதன் பொருள் இதுதான். பாதரசம் எத்தனை மில்லி மீட்டர் உயரத்திற்கு ஏறுகிறது என்ற கணக்கில் இதைச் சொல்கிறார்கள். இத்தாலியைச் சேர்ந்த ரிவா-ரோச்சி என்ற மருத்துவர் 1896இல் கையில் பட்டை சுற்றி அளக்கும் முறையைக் கண்டார். ரஷ்ய மருத்துவர் கொரோட்காப் 1905இல் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஓசையைக் கேட்டு இரண்டு எண்களையும் கண்டறியும் வழியைச் சொன்னார். இன்றுவரை டாக்டர்கள் பின்பற்றுவது அந்த வழியைத்தான்.

குழாய் குறுகினாலும், விறைத்துப் போனாலும், உள்ளே ஓடும் நீரின் அளவு கூடினாலும் அழுத்தம் ஏறும். வயது ஏற ஏற இரத்தக் குழாய்கள் விறைப்பாகின்றன. உப்பு கூடினால் உடம்பில் நீர் தங்குகிறது. தொப்பை கூடினால் இதயத்தின் வேலை கூடுகிறது. இவற்றோடு பரம்பரையும் சேர்ந்துகொள்கிறது. பெரும்பாலோருக்கு இப்படிப் பல காரணங்கள் கலந்துதான் இந்த நோய் வருகிறது.

வெவ்வேறு நாட்களில் முறையாக அளந்தும் மேல் எண் 140 அல்லது அதற்கு மேல், இல்லையேல் கீழ் எண் 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது இரத்தக் கொதிப்பு எனப்படும். 120க்கும் 140க்கும் இடையில் இருப்பவர்கள் எல்லைக் கோட்டில் நிற்பவர்கள். பழக்க வழக்கங்களைத் திருத்திக்கொள்வதால் மிகுந்த பலன் பெறக் கூடியவர்கள் இவர்களே.

முத்திரை போட்ட தராசு

தராசும் எடைக்கல்லும் முத்திரை போட்டவையாக இருக்க வேண்டும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரத்த அழுத்தத்தை அளப்பதற்கும் முறை உண்டு. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஓட்டமாக ஓடி அளந்தால் எண் கூடத்தான் காட்டும். கவனிக்க வேண்டியவை:

1. அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, பீடி, சிகரெட், புகையிலை கூடாது.
2. சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.
3. முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதங்கள் தரையில் பதிந்திருக்க வேண்டும். கால் மேல் கால் போடக் கூடாது.
4. கையை மேஜை மேல், நெஞ்சின் மட்டத்தில் வைக்க வேண்டும். பட்டையைச் சட்டைக் கை மேல் சுற்றக் கூடாது. பருத்த கைக்குச் சிறிய பட்டை போட்டால் எண் கூடுதலாகக் காட்டும்.
5. அளக்கும்போது பேசக் கூடாது. வாடிக்கையாளருக்கு விலை சொல்லிக்கொண்டே அளப்பது வீண்.
6. ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, சராசரியைத் தேதியுடன் எழுதி வைக்க வேண்டும்.

முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் வருடத்திற்கு ஒரு முறையேனும் அளந்துகொள்வது நல்லது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் கட்டணமில்லை.

நாம் நிறுத்து விற்கும் உப்பு

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. உடம்புக்கு உப்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. எவ்வளவு வேண்டும் என்பதுதான் கேள்வி. பெரியவர் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இது சுமார் ஒரு சிறு டீஸ்பூன் அளவு. குழம்பு, பொரியல், ஊறுகாய், மோர், மிக்சர், பிஸ்கட் ஆகிய எல்லாவற்றிலும் இருப்பது சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. சென்னையில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில், அங்குள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு 8.5 கிராம் உப்பு உண்பதாகத் தெரிந்தது. உப்பு கூடக் கூட இரத்தக் கொதிப்பும் கூடுவதை அந்த ஆய்வு காட்டியது.

இதை நம் முறையில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 5 கிராம் என்றால் மாதத்திற்கு ஒருவருக்கு 150 கிராம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 600 கிராம். அதாவது ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாளில் தீருகிறது என்று இந்த மாதமே குறித்து வையுங்கள். மாதம் இரண்டு கிலோ சமையலுக்கே தீருமானால், ஆளுக்கு நாளொன்றுக்கு 16 கிராமுக்கு மேல் போகிறது என்று பொருள். அது தேவையைப் போல் மூன்று மடங்கு. பற்று நோட்டைப் புரட்டினால் வாடிக்கையாளர் வீட்டுக் கணக்கையும் நீங்களே சொல்லிவிடலாம்.

உப்பில் கேடு செய்வது சோடியம் என்ற பொருள். உப்பின் எடையில் நூற்றுக்கு 39 பங்கு சோடியம். சமையல் சோடாவில் 27 பங்கு, அஜினமோட்டோவில் 12 பங்கு. ஆகவே உப்பு மட்டுமே குற்றவாளி அல்ல. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது. ஊறுகாய், வடகம், மோர் மிளகாய், கருவாடு ஆகியவை உப்பினாலேயே கெடாமல் இருப்பவை. நாக்கில் இனிக்கும் பிஸ்கட்டிலும் உப்பும் சோடாவும் உண்டு. கடைக்காரருக்கு இன்னொரு சோதனையும் இருக்கிறது. பசி எடுத்தால் கை நீட்டும் தூரத்தில் மிக்சர், காராச்சேவு, உப்புக் கடலை எல்லாம் ஜாடியில் நிற்கின்றன. எழுந்து போய்ச் சாப்பிட நேரமில்லாமல் அவற்றையே கொறித்து மதியத்தை ஓட்டுபவர்கள் உண்டு. அந்த ஜாடிகளின் பக்கத்தில் உப்பு சேர்க்காத வறுகடலையோ பொட்டுக்கடலையோ ஒரு ஜாடி தனக்கென்று வைத்துக்கொள்வது எளிய வழி.

குறைப்பது கடினமல்ல. ஒரே நாளில் பாதியாக்கினால் சோறு இறங்காது. வாரத்திற்குச் சிறிதளவாகக் குறைத்து வந்தால், ஓரிரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, கொத்துமல்லி ஆகியவை உப்புக் குறைவை ஈடு செய்யும். சோற்றில் உப்புப் போட்டு வடிப்பதையும், இலையில் தனியாக உப்பு வைப்பதையும் நிறுத்தினாலே நல்ல அளவு குறையும். வெயில் காலத்தில் உப்பு சோடா குடிப்பதை விட்டு, உப்பில்லாத நீர்மோருக்கு மாறலாம்.

இந்துப்பும் மாற்று உப்பும்

‘இந்துப்பு சாப்பிட்டால் பிரஷர் வராது’ என்று நம்பி வாடிக்கையாளர் கேட்டு வருகிறார்கள். இந்துப்பு, கல்லுப்பு, தூளுப்பு எதுவானாலும் அதில் பெரும்பங்கு இருப்பது அதே சோடியம் குளோரைடுதான். நிறம் மாறினால் குணம் மாறிவிடாது. இந்துப்பில் பொதுவாக அயோடின் சேர்ப்பதும் இல்லை. மனிதர் உண்பதற்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்கக் கூடாது என்ற மத்திய அரசின் தடை 2006 மே 17 முதல் நடைமுறையில் உள்ளதை நாம் மறக்கக் கூடாது.

அண்மைக் காலத்தில் ‘குறை சோடியம் உப்பு’ என்று ஒரு சரக்கு வருகிறது. சோடியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அதற்குப் பதில் பொட்டாசியம் சேர்த்த உப்பு இது. இதைப் பற்றி சீனாவின் கிராமப்புறங்களில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும், அறுபது வயதைக் கடந்து இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் அவர்கள். பாதிக் கிராமங்களுக்கு இந்த மாற்று உப்பு வழங்கப்பட்டது. மீதிக் கிராமங்கள் வழக்கமான உப்பையே பயன்படுத்தின. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்து 2021இல் முடிவு வெளியானது. மாற்று உப்பு உண்ட கிராமங்களில் பக்கவாதம் நூற்றுக்கு 14 பங்கு குறைந்திருந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில், வீட்டுச் சமையலுக்கு இவ்வகை உப்பைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரை வெளியிட்டது.

ஆனால் ஓர் எச்சரிக்கை மிக முக்கியம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் உடம்பில் தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். சில வகைப் பிரஷர் மாத்திரைகளும் பொட்டாசியத்தைக் கூட்டுபவை. ஆகவே, கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டாரும், சிறுநீரக நோய் உள்ளவர்களும், மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதை வாங்கக் கூடாது. ‘இது நல்ல உப்பு, எல்லோரும் சாப்பிடலாம்’ என்று சொல்லி விற்பது தவறு. ‘டாக்டரைக் கேட்டீர்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொடுப்பதே நேர்மையான வியாபாரம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நாட்டுமருந்துச் சாமான்கள் வைத்திருக்கும் கடைகளில் அதிமதுரம் விற்கிறோம். இருமலுக்கு ஓரிரு நாள் சுவைப்பது வேறு. நாள்தோறும் வாரக் கணக்கில் அதிமதுரம் உட்கொண்டால் இரத்த அழுத்தம் ஏறும்; பொட்டாசியம் குறையும். பிரஷர் உள்ளவர் கேட்டால் எடுத்துச் சொல்லுங்கள். மூட்டு வலி, முதுகு வலிக்காக மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் பலவும் அழுத்தத்தைக் கூட்டக் கூடியவையே.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

அமெரிக்காவில் 1997இல் வெளியான ஓர் ஆய்வு உலக மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது. காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருள்கள், முழுத் தானியம், பருப்பு ஆகியவற்றைக் கூட்டி, கொழுப்பையும் இனிப்பையும் குறைத்துச் சிலருக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். எட்டு வாரத்தில், இரத்தக் கொதிப்பு இருந்தவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11 அளவு இறங்கியது. உப்பையும் எடையையும் குறைக்காமல் உணவு வகையை மாற்றியதற்கே இந்தப் பலன். இது ஒரு மாத்திரை தரும் பலனுக்கு ஏறத்தாழ இணையானது.

இந்தச் சாப்பாட்டுக்காக நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை. தண்டுக்கீரை, முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, அவரை, கத்தரி, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, துவரை, நீர்மோர், வாழைப்பழம், கொய்யா எல்லாம் நம் சந்தையிலேயே கிடைக்கின்றன. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியின் மானாவாரி நிலங்களில் கம்பும் சோளமும் வரகும் நம் முன்னோர் உண்டவைதான். மூன்று வேளையும் வெள்ளை அரிசியே என்பது பிற்காலத்தில் வந்த பழக்கம். வாரத்தில் நான்கைந்து வேளை சிறுதானியத்திற்கு மாறினால் பசி தாங்கும், எடை குறையும். ஆனால் களியும் கூழும் நல்லது என்று சொல்லிக்கொண்டு, கூடவே உப்பில் ஊறிய மிளகாயையும் ஊறுகாயையும் அள்ளி வைத்துக்கொண்டால் பலன் போய்விடும்.

சின்ன வெங்காயமும் பூண்டும் பிரஷரைத் தீர்த்துவிடும் என்று நம்பி மாத்திரையை விட்டவர்களும் உண்டு. செட்டிகுளம் வெங்காயத்திற்குப் பெயர் போன மாவட்டத்துக்காரர்களாகிய நமக்கு வெங்காயத்தின் மேல் பற்று இருப்பது இயல்பே. வெங்காயமும் பூண்டும் நல்ல உணவுகள். ஆனால் அவை மாத்திரைக்கு ஈடாகா. அதுபோலவே முந்திரியும் கடலையும் நல்லவைதான். உப்பும் எண்ணெயும் சேர்த்து வறுத்தவுடன் கணக்கு மாறிவிடுகிறது.

நாளைக்கு எட்டு, பத்து டீ குடிப்பது நம் தொழிலோடு ஒட்டிய பழக்கம். வந்தவருக்கு வாங்கிக் கொடுக்கும்போது நாமும் ஒன்று குடிக்கிறோம். பத்து டீயில் போகும் சர்க்கரையை ஒரு நாள் தட்டில் கொட்டிப் பாருங்கள். இரண்டு, மூன்றோடு நிறுத்திக்கொண்டால் எடை குறைய வழி பிறக்கும். எடை ஒரு கிலோ குறைந்தால் மேல் எண் ஏறத்தாழ ஒன்று குறையும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஐந்து கிலோ தொப்பையைக் கரைத்தவருக்கு ஐந்து அளவு லாபம்.

உட்கார்ந்தே இருக்கும் தொழில்

‘நாள் முழுதும் கடையில் வேலை செய்கிறேனே, எனக்கு எதற்கு நடைப்பயிற்சி?’ என்று கேட்கலாம். கல்லாவில் உட்கார்ந்திருப்பதும், அலமாரிக்கும் தராசுக்கும் இடையே நான்கு அடி நடப்பதும் உடற்பயிற்சி ஆகா. இதயத் துடிப்பு சற்றுக் கூடி, லேசாக வியர்க்கும்படி வேகமாக நடக்க வேண்டும். வாரத்திற்கு 150 நிமிடம் போதும். நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள். கடை திறக்கும் முன் நடக்கலாம். முடியாதவர்கள் பத்துப் பத்து நிமிடமாக மூன்று வேளை நடக்கலாம். வீட்டிலிருந்து கடைக்கு வண்டியை விட்டுவிட்டு நடந்தோ மிதிவண்டியிலோ வருவதும் கணக்கில் சேரும். இதனால் மேல் எண் ஐந்து முதல் எட்டு வரை குறைய வாய்ப்புண்டு.

மூட்டை தூக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. மூச்சை அடக்கிக்கொண்டு 50 கிலோ சர்க்கரை மூட்டையைத் தூக்கும்போது இரத்த அழுத்தம் அந்தக் கணத்தில் மிகவும் எகிறும். கொதிப்பு கட்டுப்படாமல் இருப்பவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். தள்ளுவண்டி வைத்துக்கொள்வதும், பாரத்தைப் பிரித்துத் தூக்குவதும் நல்லது. கடையில் வேலை செய்யும் பையன்களுக்கும், சுமை இறக்கும் தோழர்களுக்கும் இதே அறிவுரை பொருந்தும். அவர்களுக்கும் பிரஷர் வரும். அவர்கள் அளந்து பார்ப்பது நம்மைவிடக் குறைவு.

புகையும் மதுவும் தூக்கமும்

பீடி, சிகரெட் ஒவ்வொன்றும் அந்த நேரத்திற்கு அழுத்தத்தைக் கூட்டுவதோடு, இரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. கொதிப்பும் புகையும் சேர்ந்தால் மாரடைப்பின் ஆபத்து பன்மடங்காகிறது. மென்று துப்பும் புகையிலையும் விலக்கல்ல. மதுவைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை. அது அழுத்தத்தைக் கூட்டும், மாத்திரையை மறக்கச் செய்யும், கல்லாவையும் கரைக்கும்.

தூக்கம் வீணான நேரமல்ல. இரவு பத்துக்குக் கடை சாத்தி, கணக்குப் பார்த்து, பன்னிரண்டு மணிக்குப் படுத்து, ஐந்து மணிக்குப் பால் வண்டிக்காக எழுந்தால் உடம்பு எப்போது இளைப்பாறும்? ஏழு மணி நேரத் தூக்கத்திற்கு வழி செய்துகொள்ள வேண்டும். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி விழிப்பவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். அதுவும் கொதிப்புக்கு ஒரு காரணம்.

மனச்சுமை நம் தொழிலின் நிழல். வராத பாக்கி, ஏறி இறங்கும் விலை, ஜி.எஸ்.டி. தாக்கல் நாள், பக்கத்தில் திறந்த பெரிய கடை என்று கவலைகளுக்குக் குறைவில்லை. இவற்றை ஒழிக்க முடியாது, ஒழுங்குபடுத்தலாம். வரவு செலவைத் தலையில் சுமக்காமல் நோட்டில் எழுதி, வீட்டில் ஒருவருக்காவது தெரியப்படுத்தி வைத்தால் பாதிச் சுமை இறங்கும். வாரத்தில் அரை நாளாவது கடையை அடைத்துவிட்டுக் குடும்பத்தோடு இருப்பது நஷ்டமல்ல.

மாத்திரையை நிறுத்தலாமா?

‘பிரஷர் நார்மலுக்கு வந்துவிட்டது, மாத்திரையை நிறுத்திவிட்டேன்’ என்பவர்களை அடிக்கடி பார்க்கிறோம். மாத்திரை வேலை செய்வதால்தான் நார்மலாக இருக்கிறது. பூட்டுப் போட்டிருப்பதால் திருட்டு நடக்கவில்லை. அதற்காகப் பூட்டை எடுத்துவிடுவோமா? மேலே சொன்ன மாற்றங்களைச் செய்து அழுத்தம் நன்றாக இறங்கினால், டாக்டரே மாத்திரையின் அளவைக் குறைப்பார். நாமாகக் குறைக்கக் கூடாது. வாழ்க்கை முறையும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. இரண்டும் கூட்டு வியாபாரம்.

செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. தமிழக அரசு 2007இல் விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் இரத்தக் கொதிப்பைக் கண்டறிந்து சிகிச்சை தரும் திட்டத்தை முன்னோட்டமாக நடத்தி, பிறகு மாநிலமெங்கும் விரிவாக்கியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி, பிரஷர், சர்க்கரை நோயாளிகளுக்கு வீட்டுக்கே மாத்திரை வருகிறது. கடையை விட்டு நகர முடியவில்லை என்ற காரணத்தைச் சொல்ல இனி இடமில்லை.

ஆபத்து நேரத்தில்

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சு குழறுதல் ஆகியவற்றில் ஒன்று திடீரென்று தெரிந்தாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். படுக்க வைத்துக் காத்திருப்பதும், எண்ணெய் தேய்ப்பதும், வாயில் ஏதாவது புகட்டுவதும் கூடாது. உடனே 108க்குத் தகவல் தர வேண்டும். அடைப்பினால் வந்த பக்கவாதத்திற்கு, நாலரை மணி நேரத்திற்குள் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கட்டியைக் கரைக்கும் ஊசி போட வழி உண்டு. அறிகுறி தெரிந்த நேரத்தைக் குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். ஏலாக்குறிச்சி, திருமானூர்ப் பகுதியினர் அரியலூருக்கோ தஞ்சாவூருக்கோ போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு நிமிடமும் மதிப்புள்ளது.

சங்கம் செய்யக் கூடியது

பின்லாந்து நாட்டில் 1970களில் மாரடைப்பும் பக்கவாதமும் மிகுந்திருந்தன. மருத்துவர்கள் மட்டும் முயன்றிருந்தால் அது குறைந்திருக்காது. உணவு தயாரிப்பவர்களும் விற்பவர்களும் வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். உப்பு மிகுந்த பொருள்களின் மேல் அதைக் குறிப்பிட வேண்டும் என்று 1990களில் சட்டம் வந்தது. மக்கள் உண்ணும் உப்பு குறைந்தது. இரத்த அழுத்தமும் பக்கவாதச் சாவும் இறங்கின. ஊர் உண்ணும் உணவு கடைக்காரர் கையைக் கடந்துதான் போகிறது என்பதை நாம் உணர வேண்டும்.

நம் சங்கமும் சிலவற்றைச் செய்யலாம். மே 5 வணிகர் தினம். மே 17 உலக இரத்த அழுத்த தினம். இந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் ஒரு காலை வேளையில் ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்து, கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள், சுமை தூக்குவோர் அனைவருக்கும் பிரஷர் அளக்கலாம். நல்ல அளவுக் கருவி ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வாங்கி வைக்கலாம். உறுப்பினருக்கு ஓர் அட்டை கொடுத்து, மூன்று மாதத்திற்கு ஒரு முறை எண்ணை எழுதச் சொல்லலாம்.

வருட முடிவில் ஐந்தொகை போட்டு லாப நஷ்டம் பார்க்கும் நமக்கு, இரண்டு எண்களை எழுதி வைப்பது பெரிய வேலையல்ல. இந்த வாரமே அளந்து, தேதியுடன் கடை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். 140/90 என்ற எல்லையைத் தாண்டியிருந்தால் டாக்டரைப் பாருங்கள். தாண்டாமல் இருந்தால் உப்பைக் குறைத்து, நடையைக் கூட்டி, அப்படியே காத்துக்கொள்ளுங்கள்.